கொள்ளி வைத்தவர் யார், கோடிச் சேலை கொண்டுவந்தவர் யார்: குலதெய்வம் தேடிய ஒரு மதுரைக் குடும்பம்

பின்னணி

2022 ஜூன் மாதம் ஒரு பள்ளி ஆசிரியை என்னைப் பார்க்க வந்தார். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர், அப்போது 50 வயது. அவருடைய அப்பாவுக்கு 78. அப்பாவின் அப்பா எந்த ஊர், குலதெய்வம் எது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "நான் போறதுக்குள்ள குலசாமியை ஒரு தடவை கும்பிட்டுரணும்" என்று பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். இரண்டு கோடாங்கிகளிடம் குறி கேட்டிருக்கிறார்கள். இருவருமே மேற்கே என்றார்கள், ஊர் வரவில்லை.

நான் 30 வருடத்துக்கு மேல் பத்திரம் எழுதியவன். சார்பதிவாளர் அலுவலகத்து வால்யூம்களும் தாலுகா அலுவலகத்துப் பதிவேடுகளும் எனக்குப் பழக்கம். பழைய ஊரைத் தேடுகிறவர்கள் அவ்வப்போது என்னிடம் வருவார்கள். இந்தத் தேடலில் நான் செய்த ஒரு பெரிய தவறும், அது எப்படித் திருத்தப்பட்டது என்பதும் மற்றவர்களுக்கு உதவும் என்பதால் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டேன். ஆட்களின் பெயருக்குப் பதிலாக வேறு முதலெழுத்துகளைப் போட்டிருக்கிறேன். பழைய பத்திரங்களில் பெயருக்குப் பக்கத்திலேயே ஜாதி எழுதியிருக்கும். அதையும் இங்கே சேர்க்கவில்லை.

மில்லுக்கு வந்த குடும்பங்களில் இப்படி ஊர் மறந்துபோவது அபூர்வமில்லை. மதுரை ஹார்வி பஞ்சு மில்லில் வேலை கிடைத்துக் கிராமத்திலிருந்து வந்தவர் மாதாமாதம் ஊருக்குப் போய்வருவார். அவர் பிள்ளைகள் கேதத்துக்கும் (சாவுக்கும்) திருவிழாவுக்கும் போவார்கள். பேரப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சும். இந்தக் குடும்பத்தில் அதுவும் மிஞ்சவில்லை. பெரியவருக்கு 9 வயதாகும்போதே அவர் அப்பா இறந்துவிட்டார். அம்மா, அதாவது ஆசிரியையின் அப்பத்தா, அதற்குப் பிறகு புகுந்த வீட்டு ஊரைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1978இல் அவரும் போய்விட்டார்.

கையில் இருந்தவை

டிரங்குப் பெட்டியில் நான்கு பொருள்கள் இருந்தன. தாத்தாவின் கருமாதிப் பத்திரிகை, மேல்பாதி மட்டும். பெரியவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழ். அப்பத்தாவின் கேதத்துக்கு வந்த மொய் நோட்டு. ஒரு பழைய போட்டோ, பின்பக்கம் எதுவும் எழுதாதது.

கருமாதிப் பத்திரிகையில் தாத்தாவின் பெயர் ம. க. என்று இருந்தது. 'ம' என்பது அவர் அப்பாவின் பெயர். முழுப் பெயரும் அப்பத்தா சொல்லிப் பெரியவருக்குத் தெரியும். தேதி "விஜய வருஷம் ஆவணி மாதம்" என்று இருந்தது. ஆங்கில வருடம் போடவில்லை. தமிழ் வருடப் பெயர்கள் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பிவரும் என்பதால், விஜய வருஷம் என்றால் 1893ஆகவும் இருக்கலாம், 1953ஆகவும் இருக்கலாம், 2013ஆகவும் இருக்கலாம். பெரியவர் 1944இல் பிறந்தவர், அப்பா இறந்தபோது தனக்கு ஒன்பது வயது என்கிறார். ஆகவே 1953. பழைய மரண அறிவிப்புகளை வைத்துத் தேடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்த ஒரு ஆள் இல்லாமல் வருடத்தை உறுதி செய்யக் கூடாது.

பத்திரிகையில் கருமாதி நடக்கும் இடம் "மேற்படியூரில்" என்று இருந்தது. எந்த ஊர் என்பதும், கீழே "இப்படிக்கு" என்று கையெழுத்திட்டவர்கள் பெயரும் கிழிந்துபோன பாதியில் போய்விட்டன.

பெரியவரிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். அவர் சொன்னதில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டேன். ஒன்று, அப்பா இறந்தபோது தத்தனேரிச் சுடுகாட்டில் கொள்ளி வைத்தது ஒரு அண்ணன். "சித்தப்பா மகன்" என்று அம்மா சொன்னார். இரண்டு, கருமாதிக்கு மலை தெரிகிற ஒரு ஊருக்குப் போனது. மூன்று, அப்பா மாலையில் திண்ணையில் உட்கார்ந்து தினத்தந்தியைச் சத்தமாகப் படிப்பார், தெருவே கேட்கும். (1942இல் மதுரையில் தொடங்கிய பத்திரிகை அது. மில் தெருக்களில் ஒரு பிரதியைப் பத்துப் பேர் கேட்பது அன்று வழக்கம்.)

மூன்றையும் எழுதிக்கொண்டேன். எதையும் கேள்வியாக மாற்றவில்லை. பிறகு வந்த சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

முதல் தேடல்

வெளிநாட்டில் இருக்கிற உறவினர் ஒருவர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு விவரம் கிடைக்குமே என்று ஆசிரியையிடம் சொல்லியிருந்தார். நம் நாட்டில் அது நடக்காது. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின்படி தனி வீட்டு விவரங்கள் ரகசியம், யாரும் பார்க்க முடியாது. நமக்கு மிஞ்சுவது பிறப்பு இறப்புப் பதிவேடு, நிலப் பதிவேடு, பத்திரப் பதிவு. இவை மூன்றுதான்.

பிறப்பு இறப்புப் பதிவேட்டை ஊரும் வருடமும் தெரிந்தால்தான் தேட முடியும். தாத்தா மதுரையில் இறந்தவர் என்பதால் அந்நாளைய நகராட்சிப் பதிவுக்கு மனுப் போட்டோம். 1953 ஆகஸ்ட் மாதத்துப் பதிவு கிடைத்தது. பெயர், தகப்பன் பெயர், வயது 50, இருந்த தெரு. சொந்த ஊர் இல்லை.

அடுத்து நிலம். ஊர் தெரியாமல் பட்டா, சிட்டா எதையும் எடுக்க முடியாது. ஆகவே எனக்குத் தெரிந்த வழிக்குப் போனேன். பதிவுச் சட்டம் 1908இன்படி ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகமும் பெயர்வாரியாக ஒரு அட்டவணை வைத்திருக்கும், சொத்துவாரியாக இன்னொன்று. அசையாச் சொத்துப் பத்திரங்கள் நகலாகும் 1ஆம் எண் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 57ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. முன்னோரைத் தேடுகிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. பழைய பத்திரத்தில் "இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார், விவசாய ஜீவனம்" என்று தகப்பன் பெயரோடும் தொழிலோடும் எழுதியிருப்பார்கள். ஒரு பத்திரம் கிடைத்தால் இரண்டு தலைமுறை கிடைத்த மாதிரி.

மேற்கே, மலை என்ற இரண்டையும் வைத்து உசிலம்பட்டிப் பக்கம் தொடங்கினேன். 2022 நவம்பரில் 1938ஆம் வருடத்து ஒத்திப் பத்திரம் (நிலத்தை அடமானம் வைத்த பத்திரம்) ஒன்று அகப்பட்டது. எழுதிக்கொடுத்தவர் 'ம' குமாரர் 'க'. இரண்டு பெயரும் அப்படியே பொருந்தின. ஊருக்கு மேற்கே மலை இருந்தது. நிலத்தை ஒத்திக்கு வைத்தவர் பிழைப்புக்கு மதுரை வந்திருப்பார் என்று கதையும் கூடிவந்தது.

ஒன்று மட்டும் இடித்தது. பத்திரத்தில் 'க' கையெழுத்துப் போடவில்லை, இடதுகைப் பெருவிரல் ரேகை வைத்திருந்தார். தினத்தந்தியைச் சத்தமாகப் படித்த மனிதர் கைநாட்டா? பிறகு மில்லுக்கு வந்து படித்திருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குடும்பத்தாரிடம் அந்தச் சந்தேகத்தைச் சொல்லவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

தவறான ஊர்

டிசம்பரில் ஆசிரியையும் அவர் தம்பியும் அந்த ஊருக்குப் போனார்கள். ஊர்ப் பெரியவர்கள் மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார்கள். அந்தப் பெயரில் ஒருவர் இருந்தார், அந்த வம்சம் எங்கோ போய்விட்டது என்றார்கள். "உங்க தாத்தாவா இருக்கலாம்" என்றார்கள். 'இருக்கலாம்' என்ற அந்தச் சொல்லை வீட்டுக்கு வருவதற்குள் எல்லோரும் மறந்துவிட்டோம். 2023 பிப்ரவரி 18 மகா சிவராத்திரி. அன்றைக்குப் போய்ப் பொங்கல் வைப்பது, தலைக்கட்டு வரி (கோயிலுக்குக் குடும்பவாரியாகக் கட்டும் வரி) கட்டுவது என்று முடிவானது. வரிப் பணமும் முன்கூட்டியே கொடுத்தாயிற்று.

பெரியவர் புது வேட்டி எடுத்துவைத்துவிட்டார். இதை எழுதும்போது எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

மொய் நோட்டு

கோயிலுக்குப் போகும்போது உறவுமுறையை அழைக்க வேண்டும். யார் யாரை அழைப்பது என்று பட்டியல் போடுவதற்காக, ஜனவரியில் ஆசிரியை அந்த 1978ஆம் வருடத்து மொய் நோட்டை எடுத்தார். நான் அதை முதல் நாளே பார்த்திருந்தேன். 2 ரூபாய், 5 ரூபாய் வரிசைதானே என்று ஓரமாக வைத்துவிட்டேன்.

நோட்டின் முதல் பக்கத்தில், மொய் வரிசை தொடங்குவதற்கு முன்னால், தனியாக ஒரு வரி: "பி.வீ. கோடி, சேலை 1, ரூ. 25", பக்கத்தில் ஒரு பெயர், ஒரு ஊர். பிறந்த வீட்டுக் கோடி. எங்கள் பக்கம் பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து, அண்ணனோ தம்பியோ அவர்கள் பிள்ளைகளோ, கோடிச் சேலை, அதாவது புதுச் சேலை, கொண்டுவந்து போர்த்த வேண்டும். மற்றக் கோடிகளுக்கு அந்த இடம் கிடையாது. ஆகவே அந்த வரியில் இருப்பவர் அப்பத்தாவுடன் பிறந்தவர் வீட்டு ஆள். எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் அப்பத்தாவின் பிறந்த வீடு இல்லை. பட்டாவில் பெண் பெயர் இல்லை, மகனின் பள்ளிச் சான்றிதழில் அம்மா பெயரே இல்லை. மொய் நோட்டில் மட்டும் இருந்தது.

அந்த ஊரும் உசிலம்பட்டிப் பக்கம்தான். ஆசிரியை அழைப்புச் சொல்லத் தாம்பாளத்தோடு போனார். கோடி கொண்டுவந்தவரின் மகன் 70 வயதைக் கடந்தவர், இன்னும் அதே வீட்டில் இருந்தார். அவருக்கு அப்பத்தா அத்தை, ஆசிரியையின் அப்பா மச்சான் முறை. எந்தக் கோயிலுக்கு அழைக்கிறோம் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"தாயி, அது எங்க கோயிலுல்ல. ஒரே சாமி கும்பிடுறவுக பங்காளி. பங்காளிக்கா எங்க அத்தையைக் கட்டிக் குடுத்திருப்பாக?"

இந்த ஒரு கேள்வியில் என் நான்கு மாதத் தேடல் விழுந்துவிட்டது. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகளுக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அப்பத்தாவின் பிறந்த வீடும் நான் கண்டுபிடித்த 'க'வின் குடும்பமும் ஒரே கோயில் என்றால், அந்த 'க' அப்பத்தாவின் கணவராக இருக்கவே முடியாது. அவர் அதே பெயருடைய வேறொரு மனிதர்.

பிறகு அவரே சொன்னார். அத்தையைக் கட்டிக்கொடுத்த இடம் தெற்கே, சாப்டூர்ப் பக்கத்து ஒரு கிராமம். இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். மூத்த தாரம் ஊரிலேயே இருந்தார், அவருக்கு ஒரு மகன்.

அப்பாவிடம் சொன்னது

வெளியே போட்ட கணக்கெல்லாம் தப்பு என்று சொல்வது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. "உங்களுக்கு ஒரு அண்ணன் இருந்தார், உங்கள் அம்மா இரண்டாவது மனைவி" என்று 78 வயது மனிதரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம்.

நான் சொல்ல முன்வரவில்லை. அது என் வேலையில்லை என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆசிரியை பத்து நாள் யோசித்தார். தம்பி சொல்ல வேண்டாம் என்றார். அப்பத்தா சாகும்வரை மறைத்ததை நாம் ஏன் உடைக்க வேண்டும் என்பது அவர் வாதம், அதில் நியாயம் இருந்தது. ஆசிரியை மறுத்தார். ஊரைத் தேடச் சொன்னதே அப்பா. கிடைத்ததை மகள் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பாதியைக் கொடுப்பது சரியில்லை.

சட்டப்படி ஒன்றை மட்டும் நான் எழுதிக்கொடுத்தேன். சென்னை மாகாணத்தில் இருதார மணத் தடைச் சட்டம் 1949இல்தான் வந்தது. தாத்தாவின் இரண்டாவது கல்யாணம் அதற்குப் பத்து வருடம் முந்தியது. அது முறையான கல்யாணம், அப்பத்தா முறையான மனைவி. யாராவது ஒரு சொல் தவறாகச் சொன்னால் பெரியவர் மனம் உடையும் என்பதால் இது முன்கூட்டியே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

சொன்னார்கள். பெரியவர் வெகுநேரம் பேசவில்லையாம். அப்புறம் "அப்ப கொள்ளி வச்சது என் அண்ணன்தான்" என்றாராம்.

கொள்ளி வைப்பது மூத்த மகன் கடமை. இறந்தவருக்கு 9 வயதில் ஒரே மகன் இருந்தால் அந்தச் சிறுவன் கையைப் பிடித்துக் கொள்ளி வைக்கச் சொல்வார்கள். வேறொருவர் வைத்தார் என்றால் அவர் யார் என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். இன்னொரு அறிகுறியும் கண்முன்னே இருந்தது. எங்கள் பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் அப்பா பெயர் 'ம'. மூத்த மகன் என்று நாங்கள் நினைத்திருந்த பெரியவருக்கு அந்தப் பெயர் இல்லை. ஏற்கெனவே ஒருவருக்கு வைத்தாகிவிட்டது என்பதுதான் காரணம்.

சரிபார்த்தது

ஒரு முறை சுட்டுக்கொண்ட பிறகு, இந்த முறை வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஊருக்குப் போக விடவில்லை. முதல் ஊருக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர்கள் வரிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஒரு சுடுசொல் சொல்லவில்லை.

பேரையூர், சாப்டூர் வட்டாரம் பழைய பத்திரங்களில் திருமங்கலம் தாலுகா என்று இருக்கும். தாலுகா பிரிந்தது, ஜில்லா பிரிந்தது. 1985இல் திண்டுக்கல் பிரிந்தது, பிறகு தேனி பிரிந்தது. பழைய தாளில் "மதுரை ஜில்லா" என்று இருந்தால் அது இன்றைய மூன்று மாவட்டங்களில் எதுவாகவும் இருக்கலாம். அலுவலக எல்லையும் மாறியிருக்கும், பழைய வால்யூம்கள் பழைய அலுவலகத்திலேயே இருக்கும். எந்த வருடத்தில் அந்தக் கிராமம் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளாமல் தேடினால் நாட்கள் வீணாகும்.

அந்தக் கிராமம் ஜமீன் கிராமம். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை அங்கே குடியானவர்களுக்கு ஜமீன்தாரின் பட்டாதான். அரசாங்கம் நிலத்தை எடுத்து செட்டில்மெண்ட் (யாருக்கு எந்த நிலம் என்று முடிவு செய்வது) செய்த பிறகுதான் சர்க்கார் பதிவேட்டில் பெயர்கள் வருகின்றன. அதற்கு முந்திய வருடங்களில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலில் 'ம. க.' பெயரில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவான புஞ்சை இருந்தது. பின்னால் 1980களில் நில உடைமைப் பதிவுகள் புதுப்பிக்கப்பட்டபோது அதே புல எண் 'க. ம.' என்ற பெயருக்கு மாறியிருந்தது. மகன், தாத்தாவின் பெயர் தாங்கியவர், மூத்த தாரத்தின் பிள்ளை. எழுத்து இரண்டும் முன்பின்னாக மாறியிருப்பதைப் பார்த்து ஒரே ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. தலைமுறைக்குத் தலைமுறை முதலெழுத்தும் பெயரும் இடம் மாறிக்கொள்வது நம் பெயர் முறை.

கிராமத்து இறப்புப் பதிவேடு அவ்வளவு உதவவில்லை. 1980இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது, பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். நாங்கள் கேட்ட வருடங்களில் இரண்டுக்குப் பதிவு இல்லை என்ற சான்றுதான் கிடைத்தது.

ஊருக்குப் போனது

இப்போது ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. செட்டில்மெண்ட் நகலை எடுத்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா? 70 வருடம் கழித்து மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்து நின்றால், கிராமத்தில் முதலில் வரும் எண்ணம் நிலம் கேட்க வந்திருக்கிறார்கள் என்பதுதான். பத்திரம் எழுதியவன் என்ற முறையில் இந்தப் பயம் எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும். எந்தக் காகிதமும் வேண்டாம், நானும் வரவில்லை, வெற்றிலை பாக்குத் தட்டோடு பெரியவர் முன்னால் போகட்டும் என்றேன். கிழிந்த கருமாதிப் பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

2023 ஆகஸ்டில் போனார்கள். அண்ணன் 2006இல் இறந்துவிட்டார். அவர் மனைவி, 84 வயது, திண்ணையில் இருந்தார். யார் என்று சொன்னதும் "வாங்க கொழுந்தனாரே" என்று எழுந்து நின்றாராம். உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து தாள்களை எடுத்துவந்தார். அதே கருமாதிப் பத்திரிகை, முழுசாக. திருமங்கலத்து அச்சகத்தில் அடித்தது. மேல்பாதியின் வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்று. கீழ்ப்பாதியில் ஊர்ப் பெயர், கருமாதி நடக்கும் வீடு. "இப்படிக்கு" என்பதன் கீழே முதலில் அண்ணன் பெயர், அடுத்து, 9 வயதுச் சிறுவனாக இருந்த பெரியவரின் பெயர்.

இன்னொரு தாளும் இருந்தது. 2006இல் அண்ணனுக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் வரிசைக்குக் கீழே "தம்பி" என்று போட்டு பெரியவரின் பெயர், அடைப்புக்குறிக்குள் மதுரை. 53 வருடம் பார்க்காத தம்பியின் பெயரை விடாமல் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தச் சுவரொட்டி பேரையூர்ப் பக்கத்துச் சுவர்களில் ஒட்டியிருந்த நாட்களில் பெரியவர் மதுரையில் மில்லிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். அழைப்பு அனுப்ப அவர்களிடம் விலாசம் இல்லை.

மதுரை வீட்டிலிருந்த பத்திரிகையின் கீழ்ப்பாதியைக் கிழித்தது யார் என்று இரு வீட்டாரும் பேசிக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை.

விளைவு

2024 மார்ச் 8 மகா சிவராத்திரியன்று பெரியவர் தன் குலதெய்வத்தைக் கும்பிட்டார். கோயில் வரி நோட்டில் தாத்தாவின் தலைக்கட்டு 1950கள் வரை இருந்தது. புதிய தலைக்கட்டாகப் போடாமல் அந்தப் பழைய பெயரின் தொடர்ச்சியாகப் பெரியவரின் பெயரை எழுதினார்கள்.

நிலத்தைப் பற்றி முதல் நாளிலேயே பெரியவர், தனக்கு எதுவும் வேண்டாம் என்று பங்காளிகள் முன்னால் சொல்லிவிட்டார். அண்ணன் மகன் அடுத்த வாரமே விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். அதில் பேராசை இல்லை, பயம்தான். அவசரம் வேண்டாம், பெரியவரின் பிள்ளைகள் எல்லோரும் படித்துப் பார்த்துப் புரிந்துகொண்டு செய்யட்டும் என்று நான் தடுத்தேன். அதனால் சில மாதம் அந்தப் பக்கம் ஒரு மனக்கசப்பு இருந்தது. பத்திரம் இன்னும் எழுதவில்லை. போக்குவரத்து நிற்கவில்லை.

இனி இப்படித் தேடினால்

அட்டவணையில் தொடங்க மாட்டேன். கேதத்தில் தொடங்குவேன். வீட்டில் இறந்த ஒவ்வொருவருக்கும் கொள்ளி வைத்தது யார், பெண்கள் என்றால் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்தது யார் என்று முதல் பேச்சிலேயே கேட்பேன். பதில் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் அங்கேயே நிற்பேன். மொய் நோட்டு எந்த நிலையில் இருந்தாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போட்டோ எடுத்துவிடுவேன். கல்யாண நோட்டைவிடக் கேத நோட்டு உதவும். கல்யாணத்துக்குத் தெருக்காரர்களும் கூட வேலை செய்தவர்களும் எழுதுவார்கள், கேதத்தில் உறவு எந்த வரிசையில் நிற்க வேண்டுமோ அந்த வரிசையில் நிற்கும்.

இரண்டு பெயர் பொருந்துவதை ஆதாரம் என்று இனிச் சொல்ல மாட்டேன். ஒரே குலதெய்வத்தின் பெயர்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நூற்றுக்கணக்கான பேருக்கு இருக்கும். பெண் எடுத்த வீடு எந்தக் கோயில் என்று கேட்டு, கொள்வினை கொடுப்பினை ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஊருக்குப் போகச் சொல்வேன். எனக்கு இருக்கும் சந்தேகத்தை, கைநாட்டு மாதிரி சின்னதாக இருந்தாலும், குடும்பத்தாரிடம் சொல்லிவிடுவேன். உறுதியாகும் முன் வரிப் பணம் கொடுக்க விடமாட்டேன்.

தேடத் தொடங்கும் முன்பே, நீங்கள் எதிர்பார்க்காதது வந்தால் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வேன். இந்தக் குடும்பத்தில் ஆசிரியையும் அவர் தம்பியும் பத்து நாள் பேசாமல் இருந்தார்கள்.

இப்போது ஆசிரியை மூத்த பாட்டியின் பிறந்த ஊரைத் தேடுகிறார், தாத்தாவின் முதல் மனைவி. அவர் 1961இல் இறந்தார். அந்த வீட்டு மொய் நோட்டைக் கரையான் அரித்துவிட்டது. அன்றைக்குக் கோடி கொண்டுவந்தது யார் என்று அந்த 84 வயதுப் பெரியம்மாவிடம் கேட்டார்கள். ரெண்டு பேர் வந்தார்கள், மாட்டு வண்டியில் வந்தார்கள், வண்டி தெற்கேயிருந்து வந்தது என்றார். ஊர்ப் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறதாம். நினைவு வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.